ஒன்பது கஜம்: கதை இல்லாத ஒரு மரபுத்தொடர்

(அகராதிக் கலை அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



அகராதிக் கலை பற்றி ஆண்டுக்கொரு முறை ஒருவரை அழைத்துப் பேசவைக்க வேண்டும் என்று நினைத்து இந்த அறக்கட்டளையை நிறுவியவர்களுக்கு முதலில் என் நன்றி. தலைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை என்னிடமே விட்டுவிட்டார்கள். அகராதி வரலாறு முழுவதையும் ஒரு மணி நேரத்தில் அடக்கப் பார்ப்பதைவிட, ஒரே ஒரு தொடரை எடுத்து அதன் அடி வரை போய்ப் பார்ப்பது மாணவர்களுக்குப் பயன்படும் என்று நினைத்தேன். அமெரிக்க ஆங்கிலத்தில் நாள்தோறும் காதில் விழும் 'தி ஹோல் நைன் யார்ட்ஸ்' என்பதுதான் அந்தத் தொடர். யார்ட் என்பது மூன்றடி, நம் ஜவுளிக்கடைக் கணக்கில் ஒரு கஜம். ஆக, 'முழு ஒன்பது கஜம்'. 'ஒன்று விடாமல் எல்லாம்' என்பது பொருள். மேளதாளம், மண்டபம், விருந்து, வாணவேடிக்கை என்று எதையும் குறைக்காமல் ஒருவர் திருமணம் நடத்தினால், அவர் முழு ஒன்பது கஜமும் போனார் என்பார்கள். நடந்ததை ஆதியோடந்தமாகச் சொன்னாலும் முழு ஒன்பது கஜம்தான்.

பொருளில் யாருக்கும் ஐயம் இல்லை. எதில் ஒன்பது கஜம் என்று கேட்டால்தான் சிக்கல். நியூயார்க் டைம்ஸில் பல்லாண்டு மொழிப் பத்தி எழுதிய வில்லியம் சஃபயர் 1980களில் இந்தக் கேள்வியை வாசகர்கள் முன் வைத்தார். பலமுறை அதற்குத் திரும்பி வந்தார். கடிதங்கள் குவிந்தன. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு விடை இருந்தது, ஆனால் விடைகள் ஒன்றோடொன்று பொருந்தவில்லை. இன்றும் அமெரிக்கர் பத்துப் பேரைக் கேட்டால் நான்கைந்து கதைகளாவது கிடைக்கும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடருக்குப் பின்னால் குறிப்பிட்ட ஒரு துப்பாக்கியோ, வண்டியோ, கப்பலோ, ஆடையோ இல்லை. அதிலுள்ள ஒன்பது எதையும் அளக்கவில்லை. சொல்லத் தொடங்கியதை முடியும் வரை சொல்லித் தீர்ப்பது என்ற கருத்துதான் அதன் உயிர். எண் அதன் மேல் ஏறி உட்கார்ந்தது. இப்படிச் சொல்லும் துணிவைத் தருபவை தேதியோடு கிடைத்திருக்கும் அச்சுச் சான்றுகள். அவற்றை வரிசைப்படுத்திக் காட்டுவதே இந்த உரையின் வேலை.

1. கதைகள் ஒவ்வொன்றும் வேறு கஜத்தைப் பேசுகின்றன

பரவலாக நம்பப்படும் கதை இரண்டாம் உலகப் போரைச் சேர்ந்தது. போர் விமானத்தின் இயந்திரத் துப்பாக்கிக்குள் போகும் தோட்டாப் பட்டையின் நீளம் 27 அடி, அதாவது ஒன்பது கஜமாம். விமானி ஓர் இலக்கின் மீது பட்டை முழுவதையும் சுட்டுத் தீர்த்துவிட்டால், 'ஒன்பது கஜத்தையும் கொடுத்தேன்' என்பானாம். காட்சி கண்முன் வந்து நிற்கிறது. அதனால்தான் இந்தக் கதை சாகவில்லை.

அடுத்தது கான்கிரீட் கலவை வண்டி. முழு வண்டி நிறைய ஒன்பது கன கஜம் கலவை என்பது அதன் அடிப்படை. மூன்றாவது பாய்மரக் கப்பல். பாயைத் தாங்கும் குறுக்குக் கட்டைக்கும் ஆங்கிலத்தில் யார்ட் என்றுதான் பெயர். மூன்று பாய்மரம், மரத்துக்கு மூன்று கட்டை, ஆக ஒன்பது. எல்லாப் பாய்களையும் விரித்தால் முழு ஒன்பது. நான்காவது ஸ்காட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றும் கில்ட் ஆடைக்கு ஆகும் துணி. இன்னும் பிணத்தைப் போர்த்தும் துணி, தையற்காரர் ஒரு முழு உடுப்புக்குக் கேட்கும் துணி, அமெரிக்கக் கால்பந்து மைதானம் என்று பட்டியல் நீள்கிறது. நம் புடவையும் இதில் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தக் கதைகளை அருகருகே வைத்துப் பாருங்கள். ஒன்றில் கஜம் நீள அளவு. ஒன்றில் கன அளவு. இன்னொன்றில் அது அளவே அல்ல, மரக்கட்டை. யார்ட் என்ற சொல்லுக்கு ஆங்கிலத்தில் எத்தனை பொருள் உண்டோ அத்தனைக்கும் ஒரு கதை முளைத்திருக்கிறது. கதை சொன்னவர்கள் தொடர் பிறந்த இடத்திலிருந்து புறப்படவில்லை. கையில் இருந்த தொடரை வைத்துக்கொண்டு, ஒன்பதும் யார்டும் சேர்ந்து வரும் இடம் எங்கே என்று தேடியிருக்கிறார்கள். தேடுகிறவருக்கு அப்படி ஓர் இடம் எப்போதும் கிடைக்கும்.

கிடைத்த இடங்களும் உற்றுப் பார்த்தால் நிற்பதில்லை. தோட்டாப் பட்டையைத் தோட்டாக்களின் எண்ணிக்கையால் சொல்வார்களே தவிர கஜத்தால் அளப்பதில்லை. நீளமும் விமானத்துக்கு விமானம் மாறும். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கச் சாலைகளில் ஓடிய கலவை வண்டிகளின் சராசரிக் கொள்ளளவு ஆறு கன கஜத்தை ஒட்டித்தான் இருந்தது. பெரிய கப்பல்களில் ஒன்பதுக்கு மேற்பட்ட குறுக்குக் கட்டைகள் உண்டு. கால்பந்தில் பந்தைத் தக்கவைத்துக்கொள்ளக் கடக்க வேண்டிய தூரம் பத்து கஜம். ஒன்பது கஜம் போய் நின்றவன் முழுமை அடைந்தவன் அல்ல, ஒரு கஜத்தில் தோற்றவன்.

2. நினைவு சான்று ஆகாது

தோட்டாப் பட்டைக் கதையைச் சொன்னவர்களில் பலர் முன்னாள் படைவீரர்கள், அல்லது அவர்களின் பிள்ளைகள். 'என் தந்தை விமானப் படையில் இருந்தார், அவரே சொல்லக் கேட்டிருக்கிறேன்' என்று எழுதினார்கள். இவர்கள் பொய் சொன்னார்கள் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் நினைவு தேதி குறித்துக்கொள்வதில்லை. 1960களில் காதில் விழுந்த ஒரு தொடரை, வாழ்க்கையில் ஆழப் பதிந்த 1940களின் போரோடு மனம் சேர்த்துவைத்துக்கொள்ளும். சேர்த்த பிறகு, அது அங்கேதான் இருந்தது என்று உண்மையாகவே நம்பும்.

இரண்டாம் உலகப் போரின் படைவீரர் பேச்சைப் போல அக்கறையோடு தொகுக்கப்பட்ட கொச்சைமொழி குறைவு. போர் நடக்கும்போதே சொல்தொகுதிகள் வந்தன. வீரர்களுக்கென்றே நடத்தப்பட்ட இதழ்கள் இருந்தன. கடிதங்கள், நாட்குறிப்புகள், பின்னால் வந்த நினைவுநூல்கள் என்று மலைபோல் எழுத்து குவிந்து கிடக்கிறது. விமானிகளின் நாவில் இத்தொடர் புழங்கியிருந்தால் அதில் எங்காவது தலை நீட்டியிருக்க வேண்டும். அந்த ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு சான்றைக்கூட யாரும் காட்டவில்லை. இல்லாமையையே சான்றாகக் கொள்வது பொதுவாக ஆபத்தானது. ஆனால் ஒரு தொடர் எங்கே நிச்சயமாகப் பதிவாகியிருக்குமோ அங்கே இல்லை என்றால், அந்த இல்லாமைக்குக் கனம் உண்டு.

நினைவை விட்டுத் தேதியுள்ள எழுத்தையே நம்பும் இந்த ஒழுக்கத்தை ஆங்கில அகராதியியல் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே வகுத்துக்கொண்டது. ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் ஆசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-ல் பொதுமக்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். நூல்களைப் படியுங்கள், சொல் வரும் வாக்கியத்தை ஆண்டும் பக்கமும் குறித்து ஒரு சீட்டில் எழுதி அனுப்புங்கள் என்பதே அதன் சாரம். ஆசிரியர்களும் பாதிரியார்களும் மருத்துவர்களும் இல்லத்தரசிகளும் சீட்டு அனுப்பினார்கள். 1884-ல் முதல் பகுதி வந்தது, 1928-ல் அகராதி நிறைவுற்றது. ஒரு சொல் பிறந்த கதையை யாரும் சொல்லலாம். அகராதிக்குள் நுழைவது தேதியோடு வரும் வாக்கியம் மட்டுமே என்பது அன்று நிலைநாட்டப்பட்டது.

3. தேதி பின்னோக்கி நகர்ந்த வரலாறு

இனி சான்றுகளுக்கு வருவோம். என் உரையில் நான் மிகவும் நேசிக்கும் பகுதி இது.

நெடுங்காலம் மிகப் பழைய சான்றாகக் கருதப்பட்டது, எலைன் ஷெப்பர்ட் 1967-ல் வெளியிட்ட, வியட்நாம் போரில் பறந்த விமானிகளைப் பற்றிய நூல். விமானிகள், போர், 1960கள் என்ற மூன்றும் சேர்ந்ததால் தோட்டாப் பட்டைக் கதைக்குப் பெரும் பலம் கிடைத்தது. பிறகு ஒகையோவைச் சேர்ந்த நாணய வணிகர் ஒருவர், 1964 ஏப்ரலில் நாளிதழ்களில் வந்த ஒரு கட்டுரையைக் கண்டெடுத்தார். விண்வெளித் திட்டங்களில் வேலை செய்வோர் பேசும் கொச்சையைப் பற்றியது அது. ஒரு திட்டத்தைப் பற்றி இனம் இனமாக முழு அறிக்கை தருவதை அவர்கள் 'முழு ஒன்பது கஜமும் கொடுப்பது' என்கிறார்கள் என்று அந்தக் கட்டுரை விளக்கியது. அங்கே தோட்டாவும் இல்லை, கலவையும் இல்லை. அடுத்து 1962 கிடைத்தது: மிச்சிகனில் வெளியான ஒரு சிறுகதை, கார் இதழ் ஒன்றுக்கு வந்த வாசகர் கடிதம்.

பெரிய திருப்பம் 2012-ல் வந்தது. வட கரோலினாவில் நரம்பியல் ஆய்வில் இருக்கும் பானி டெய்லர்-பிளேக், சொல்வரலாற்றைத் தம் ஆர்வத்தினாலேயே தேடுபவர். கென்டக்கி மாநிலத்தின் மீன்வள, வனவிலங்குத் துறை வெளியிட்ட 'ஹேப்பி ஹன்டிங் கிரவுண்ட்' என்ற இதழில் 1956-லும் 1957-லும் இத்தொடர் வந்திருப்பதைக் கண்டார். மீன்பிடிப் போட்டி ஒன்றின் விவரங்களையெல்லாம் சொல்லி முடித்துவிட்டு, முழு ஒன்பது கஜமும் இவ்வளவுதான் என்ற பாணியில் எழுதியவர் முடிக்கிறார். தொடருக்கு விளக்கம் எதுவும் இல்லை. வாசகருக்குத் தெரியும் என்று எழுதியவர் எடுத்துக்கொண்டிருக்கிறார். அப்படியானால் அந்த வட்டாரத்தில் அது அதற்கு முன்பே பழகிப்போன பேச்சு.

அதே காலத்தில் யேல் சட்ட நூலகத்தைச் சேர்ந்தவரும் யேல் மேற்கோள் நூலின் தொகுப்பாசிரியருமான ஃபிரெட் ஷாப்பிரோ, கென்டக்கியைச் சுற்றியே இன்னும் பின்னால் தேடினார். கிடைத்தது யாரும் எதிர்பாராத ஒன்று. 'மவுண்ட் வெர்னன் சிக்னல்' என்ற சிற்றூர்ச் செய்தித்தாளின் 1912-ஆம் ஆண்டு இதழ்களில் தொடர் அப்படியே இருக்கிறது, ஆனால் ஒன்பது கஜம் அல்ல, ஆறு கஜம்! மே மாதத்து இதழில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் எழுதுகிறார். அது குடியரசுக் கட்சிக்குள் தியோடர் ரூசவெல்ட்டும் டாஃப்டும் முட்டிக்கொண்ட ஆண்டு. அவர்கள் இருவரும் மோதிக்கொண்டதால்தான் அந்தக் கட்சியின் தில்லுமுல்லு வெளியே வந்தது. சண்டை இன்னும் சூடேறட்டும், முழு ஆறு கஜத்தையும் சொல்லிவிடுவார்கள் என்பது அவர் வாதம். அடுத்த மாதம் அதே இதழில், செய்தி சேகரிப்பவர் சில நாள் ஊரில் இல்லாததால் எல்லாச் செய்தியும் தர முடியவில்லை, அடுத்த இதழில் முழு ஆறு கஜமும் தருகிறோம் என்று ஓர் அறிவிப்பு. 1921-ல் தென் கரோலினாவின் ஸ்பார்டன்பர்க் நகரத்து நாளிதழ் ஒன்று இந்த ஆறு கஜத்தைத் தலைப்பாகவே போட்டிருக்கிறது.

இந்தக் கண்டெடுப்புகள் 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸில் செய்தியாயின. முதலில் ஆறு இருந்தது, காலப்போக்கில் எண் பெருத்து ஒன்பதாயிற்று என்று விளக்கினார்கள். ஆங்கிலத்தில் பேரின்பத்தைக் குறிக்கும் 'மேகம் ஏழு', 'மேகம் எட்டு' ஆகியவை 'மேகம் ஒன்பது' என்று நிலைத்ததையும் ஒப்பிட்டுக் காட்டினார்கள். அழகான விளக்கம் அது. அடுத்து வந்த சான்று அதை ஆட்டிவிட்டது. மார்க் ட்வெய்ன் எழுத்துகளைப் பதிப்பிக்கும் குழுவில் பணியாற்றிய ரிச்சர்ட் பூச்சி, இந்தியானா மாநிலத்தின் 'மிட்செல் கமர்ஷியல்' என்ற இதழில் 1907-லும் 1908-லும் 'முழு ஒன்பது கஜம்' வருவதைக் கண்டுபிடித்தார். ஆறு கஜத்துக்கு ஐந்து ஆண்டு முந்திய ஒன்பது கஜம்! 'ஹோல்' என்ற சொல்லுக்குப் பதிலாக 1907-ல் 'ஃபுல்' இருக்கிறது. மற்றபடி அதே தொடர்.

4. எண் அளவு அல்ல

மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். 1907, 1908-ல் ஒன்பது. 1912, 1921-ல் ஆறு. 1956 முதல் ஒன்பது. ஒரே தொடர், ஒரே பொருள், ஏறக்குறைய ஒரே வட்டாரம். எண் மட்டும் மாறி மாறி வருகிறது.

முதல் பகுதியில் சொன்ன எல்லாக் கதைகளும் இங்கே ஒரேயடியாக விழுகின்றன. பட்டை 27 அடி என்பதால் தொடர் பிறந்திருந்தால், அதே தொடர் ஆறு கஜமாக வர வழியே இல்லை. கலவை வண்டி, கில்ட், கப்பல், கால்பந்து எதற்கும் இது பொருந்தும். ஒன்பது என்பது அந்தக் கதைகளுக்கு அச்சாணி. அச்சாணி கழன்றால் வண்டி ஓடாது. தேதியும் கைகொடுக்கவில்லை. 1907-ல் துப்பாக்கி பூட்டிய போர் விமானம் உலகில் இல்லை, கான்கிரீட் கலக்கிக்கொண்டே ஓடும் லாரியும் இல்லை.

எண் இவ்வளவு எளிதாக மாறியதற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும்: பேசியவர்கள் அதைக் கணக்காகக் கேட்கவில்லை. ஆறோ ஒன்பதோ, 'நீளமானது, ஆனால் முடிவுள்ளது' என்ற எண்ணம் வந்தால் போதும். ஆங்கிலத்தில் ஒன்பதுக்கு இந்த இயல்பு பழையது. சிறப்பாக உடுத்தியவரை 'ஒன்பதுகளுக்கு' உடுத்தியவர் என்பார்கள், பூனைக்கு உயிர் ஒன்பது, சிறிது நாள் பேசப்பட்டு அடங்கும் பரபரப்புக்கு ஆயுள் ஒன்பது நாள். இவற்றில் யாரும் ஒன்பதை எண்ணிப் பார்த்ததில்லை. ஆறு தோற்று ஒன்பது நிலைத்ததற்கு இந்தப் பழக்கம் துணை நின்றிருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனால் ஆறிலிருந்து ஒன்பது வளர்ந்தது என்று சொல்ல இப்போது இடமில்லை. இரண்டும் அக்கம்பக்கத்தில் வாழ்ந்திருக்கின்றன, ஒன்று வென்றிருக்கிறது.

5. புடவைக் கதை

இப்போது புடவைக்கு வருகிறேன். ஒன்பது கஜம் என்றவுடன் இந்த அவையில் பலருக்கு மடிசார் நினைவுக்கு வந்திருக்கும். ஆறு கஜம் என்று சொன்னபோது சிலர் நிமிர்ந்து உட்கார்ந்ததையும் பார்த்தேன். நம் வீடுகளில் புடவை இரண்டே அளவுதான்: ஆறு கஜம், ஒன்பது கஜம். மராட்டியத்தில் ஒன்பது கஜப் புடவைக்கு 'நவ்வாரி' என்று எண்ணாலேயே பெயர். கென்டக்கியிலும் இந்தியானாவிலும் நூறாண்டுக்கு முன் அச்சான அதே இரண்டு எண்கள். இதைவிடப் பொருத்தம் வேறு எந்தக் கதைக்கும் கிடையாது. தோட்டாப் பட்டை ஆறு கஜத்தின் முன் தோற்றது. புடவை தோற்கவில்லை, இன்னும் பலம் பெறுகிறது.

புடவையிலிருந்துதான் இத்தொடர் வந்தது என்ற கருத்தும் உலவிக்கொண்டிருக்கிறது. வெள்ளைக்காரர்கள் இங்கிருந்து எடுத்துப் போனார்கள் என்று நம்மவர்கள் பெருமையோடு எழுதுகிறார்கள். நம் மொழிக்கும் வாழ்வுக்கும் உலகில் உரிய இடம் வேண்டும் என்று விரும்புகிறவன் நான். அதனாலேயே இந்தக் கருத்தை மற்றவற்றைவிடக் கடுமையாகச் சோதிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சோதனை எளிது. புடவை வழியாக வந்திருந்தால் தொடர் எங்கே முதலில் தென்பட வேண்டும்? சென்னை, பம்பாய், கல்கத்தாவில் வாழ்ந்த ஆங்கிலேயரின் பேச்சில். அவர்கள் பேச்சைத் தொகுத்த மாபெரும் நூல் நம்மிடம் இருக்கிறது. யூலும் பர்னலும் தொகுத்த ஹாப்சன்-ஜாப்சன் 1886-ல் வந்தது. வில்லியம் குரூக் திருத்திய பதிப்பு 1903-ல். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் அதில் உண்டு. புடவைக்கே தனிப் பதிவு உண்டு. இத்தொடர் இல்லை. இந்தியாவிலிருந்து போகும் சொல் அடுத்ததாக இறங்கும் துறைமுகம் லண்டன். பிரிட்டனில் இத்தொடர் அமெரிக்காவிலிருந்து பின்னாளில் போய்ச் சேர்ந்தது. இன்றும் அங்கே அதை அமெரிக்க வழக்காகத்தான் கருதுகிறார்கள். கடல் காணாத தெற்கு இந்தியானாவின் சிற்றூர் இதழில் 1907-ல் இருக்கும் தொடர், கடல் வழியே புடவையோடு வந்தது என்றால் நடுவில் ஒரு காலடித் தடமாவது வேண்டும். ஒன்றுமே இல்லை.

எண்கள் இரண்டும் ஒத்துப்போவது தற்செயல். துணியைக் கஜத்தால் வெட்டி விற்கும் நாட்டில் எல்லாம் ஆறும் ஒன்பதும் அடிக்கடி வரும். மூன்றின் மடங்குகள் அவை. பொருத்தம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வழித்தடம் ஆகாது என்பதற்கு, தமிழ் மாணவர் கையில் இதைவிட நல்ல எடுத்துக்காட்டு அகப்படாது.

6. சொல்லித் தீர்க்கும் நீளம்

கதைகளை விலக்கிவிட்டோம். தொடர் உண்மையில் எப்படி வாழ்ந்தது? பழைய சான்றுகளை அவை வரும் சூழலோடு படித்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. எண்ணைப் பற்றி இவ்வளவு எழுதியவர்கள் இதற்குப் போதிய இடம் தரவில்லை என்பது என் குறை.

மிட்செல் இதழில் 1908-ல் வரும் செய்தி இது. ஊர்க்காரர் ஒருவர் மீன் பிடிக்கப் போய்வந்தார். சொல்லப் பெரிய கதை வைத்திருக்கிறார், நாங்கள் நின்று கேட்கத் தயாராக இல்லை. அகப்படும் யாராவது ஓர் அப்பாவியைப் பிடித்துவைத்து முழு ஒன்பது கஜத்தையும் கொடுக்கத்தான் போகிறார். 1912 மே: கட்சித் தலைவர்கள் ஒருவர் குற்றத்தை ஒருவர் முழுக்கச் சொல்லிவிடுவார்கள். 1912 ஜூன்: விட்டுப்போன செய்திகளை முழுக்கத் தருகிறோம். 1956: போட்டி விவரம் முழுக்கச் சொல்லியாயிற்று. 1964: திட்டத்தைப் பற்றிய முழு அறிக்கை. ஐம்பது ஆண்டு இடைவெளியில், வெவ்வேறு ஊர்களில், வெவ்வேறு கைகள் எழுதியவை இவை. எல்லாவற்றிலும் நீளமாக இருப்பது பேச்சு. சொல்வது, தெரிவிப்பது, கதை அளப்பது, ஒப்பிப்பது. தமிழில் நாமும் கதையை 'அளக்கிறோம்' என்பதை இங்கே குறிப்பிடலாம். கேட்பவருக்கு நீளம் என்று தோன்றும் பேச்சைத் துணிபோல் அளப்பது இரு மொழியிலும் தனித்தனியே பிறந்த எண்ணம்.

இதற்கு ஒத்துவராத ஒரு சான்று உண்டு. அதை மறைக்கக் கூடாது. 1907-ஆம் ஆண்டு மிட்செல் இதழ் ஊரில் நடக்கவிருந்த ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறது. ஊர் அணியோடு வணிகர்கள் மோதப்போகிறார்கள். அவர்களால் தாங்க முடிந்தவரை ஆடுவார்கள், முழு ஒன்பது கஜத்துக்கும் உறுதி சொல்ல முடியாது என்கிறது இதழ். பேஸ்பாலில் ஆட்டக்காரர் ஒன்பது பேர், ஆட்டச் சுற்றுகளும் ஒன்பது. ஆகவே தொடர் பேஸ்பாலில் பிறந்தது என்று இன்னொரு கதை கட்ட உடனே கை துடிக்கும். எனக்கும் அந்த ஈர்ப்பு புரிகிறது. ஆனால் ஆட்டத்தில் கஜத்துக்கு என்ன வேலை? ஏற்கெனவே நாவில் இருந்த தொடரை, ஒன்பது என்ற எண் பொருந்தியதால் எழுதியவர் விளையாட்டாக இழுத்துவந்திருக்கிறார் என்று கொள்வதே இயல்பு. அடுத்த ஆண்டே அதே இதழ் அதை மீன்கதைக்குப் பயன்படுத்துவதும் அதைத்தான் காட்டுகிறது.

பேச்சின் நீளத்தைக் குறித்த தொடர், எதன் முழுமைக்கும் விரிந்தது. 1962-ஆம் ஆண்டு வாசகர் கடிதத்தில் காரின் வசதிகள் எல்லாம் ஒன்பது கஜத்துக்குள் வந்துவிட்டன. அதற்குப் பிறகு படைத்துறையும் விண்வெளித் துறையும் அதை நாடெங்கும் எடுத்துச் சென்றன. படைவீரர்கள் இதைப் பேசினார்கள் என்பது மெய். அவர்கள் பிறப்பித்தவர்கள் அல்லர், பரப்பியவர்கள்.

7. இன்னும் நிரப்ப வேண்டிய இடைவெளிகள்

இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன.

முதலாவது 1921-க்கும் 1956-க்கும் இடையில். முப்பத்தைந்து ஆண்டுகள் தொடர் எங்கே போயிற்று என்று கேட்பார்கள். எங்கும் போகவில்லை, நம் கண்ணுக்கு எட்டவில்லை என்பதே விடை. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் மின்வடிவில் திறந்துவைத்த பழைய செய்தித்தாள் தொகுப்பு நெடுநாள் 1922-ஓடு நின்றது. அதற்குப் பிந்திய அச்சு பதிப்புரிமைக்குள் இருந்ததே காரணம். சட்டம் போட்ட கோட்டை மொழியின் கோடாக எண்ணிவிடக் கூடாது. சிற்றூர் இதழ்கள் பலவற்றின் அச்சு மங்கல். கணினி எழுத்துகளைத் தப்பாகப் படிக்கிறது. தப்பாகப் படித்த சொல் தேடலில் அகப்படாது. கணினித் தேடல் 'இல்லை' என்றால், ஆய்வாளர் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும்.

இரண்டாவது இடைவெளி 1907-க்கு முன்னால். இங்கே ஒரே ஒரு மைல்கல் இருக்கிறது. 1855-ல் இந்தியானாவின் நியூ ஆல்பனி நகரத்து நாளிதழில் 'நீதிபதியின் பெரிய சட்டை' என்ற நகைச்சுவைக் கதை வந்தது. மூன்று சட்டைக்கான துணி ஒன்பது கஜத்தையும் ஒரு பெண் ஒரே சட்டையாகத் தைத்துவிடுகிறாள். நீதிபதி அந்தப் பெருஞ்சட்டைக்குள் திணறுகிறார். 'முழு ஒன்பது கஜம்' என்ற சொற்கள் அப்படியே அதில் வருகின்றன. ஆனால் அங்கே அவை உண்மையான துணியைக் குறிக்கின்றன, மரபுத்தொடராக அல்ல. கேட்டவர்கள் சிரித்துச் சிரித்துத் திரும்பச் சொன்னதில் முடிவு வரி பழமொழிபோல் ஆகியிருக்கலாம் என்று சிலர் கருதுகிறார்கள். நியூ ஆல்பனி ஒகையோ ஆற்றங்கரையில் கென்டக்கிக்கு நேரெதிரே இருக்கிறது. மிட்செல் அதே தெற்கு இந்தியானாவின் ஊர். மவுண்ட் வெர்னன் ஆற்றுக்கு அக்கரையில் கென்டக்கி மண்ணில். வட்டாரம் வியக்கத்தக்க வகையில் ஒன்றாக இருக்கிறது. ஆயினும் 1855-க்கும் 1907-க்கும் இடையே ஐம்பத்திரண்டு ஆண்டுகள். ஒரு சான்றும் இல்லாமல் அந்தத் தூரத்தைத் தாண்ட நான் ஒப்பமாட்டேன். தாண்டினால், தோட்டாப் பட்டைக்காரரை நாம் எதற்காக மறுத்தோமோ அதையே நாமும் செய்தவர்களாவோம்.

என் கருத்தை மாற்றக்கூடிய சான்று எது என்று மாணவர்கள் கேட்க வேண்டும், கேட்பார்கள் என்று நம்புகிறேன். 1860-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட ஓர் இந்தியானா அல்லது கென்டக்கி இதழில், நீதிபதியின் சட்டையைச் சுட்டிக்காட்டி யாரோ ஒருவர் நீண்ட பேச்சை 'முழு ஒன்பது கஜம்' என்று சொல்லியிருந்தால், இத்தொடருக்குக் கதை உண்டு என்று நானே எழுதுவேன். அதே காலத்தில் ஐந்து கஜமோ பன்னிரண்டு கஜமோ கிடைத்தால் கதை இல்லை என்பது இன்னும் உறுதிப்படும். அந்த இதழ்களின் கணிசமான பகுதி நுண்படச் சுருள்களாகவே இருக்கிறது, கணினிக்குள் இன்னும் ஏறவில்லை. அவற்றைப் படிக்க ஆங்கிலமும் பொறுமையும் போதும், அமெரிக்கராக இருக்க வேண்டியதில்லை.